எந்தக் கைகளுக்கு மென்மை

இரண்டு பாட்டில்களையும் வாளிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சோலைராஜ் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான். தண்ணீர் பிடித்தாயிற்று, துணியை நனைத்தாயிற்று, கட்டிலை நகர்த்தி மூலையில் இருந்த ஒட்டடையையும் அடித்தாயிற்று. எதை ஊற்றுவது என்ற இடத்தில்தான் வேலை நின்றுபோயிருந்தது. மத்தியானத்துக்குள் பிள்ளை வந்துவிடும். வந்துவிடும் என்று மனசுக்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்தான். வாய்விட்டுச் சொல்ல இன்னும் பயமாக இருந்தது, சொன்னால் எவரோ ஒட்டுக்கேட்டு வந்து தட்டிப் பறித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்பதுபோல. மாதம் நிறையாமல் பிறந்த பெண் பிள்ளை. கண்ணாடிப் பெட்டிக்குள் கண்ணைத் துணியால் கட்டி, நீல வெளிச்சத்தில் படுக்க வைத்திருந்தார்கள். நெஞ்சு ஏறி இறங்குவதை வெளியில் நின்று பார்த்தால் பார்க்கிறவனுக்கு மூச்சு முட்டும். அது ஒரு மூச்சு விட்டால் இவன் ஒரு மூச்சு விடுவான், அது தாமதித்தால் இவனும் தாமதிப்பான், பக்கத்தில் நின்ற இன்னொரு தகப்பன் ஒருநாள் இவன் முதுகில் தட்டி, "அண்ணே, நீங்க விடுங்க மூச்சை" என்றான். நேற்று டாக்டர், நாளைக்குக் கூட்டிட்டுப் போங்க என்றதும் மனைவி மீனலோசனி அழுதாள். இவன், "தரையைக் கழுவணுமே" என்றான். என்ன புத்தியோ, அதுதான் வாயில் வந்தது. அழுத கண்ணோடு லோசனி சிரித்தாள். "கழுவுங்க. ஆனா ஃபினாயில் வேணாம். நான் வாங்கி வச்சிருக்கேன்ல, பச்சைப் பாட்டில், அதை ஊத்துங்க. அப்புறம்..." கொஞ்சம் நிறுத்தி, போர்வை நுனியைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள். "உங்க அக்கா வந்தா அவங்களும் ஊத்திடாமப் பாத்துக்கங்க." அந்த அப்புறம்தான் ராத்திரி பூராவும் நெஞ்சில் மீன்முள் மாதிரி நின்றது. தப்பாக ஒன்றும் சொல்லவில்லை அவள். பிள்ளையின் நுரையீரல் இன்னும் தேறணும், புகை ஆகாது, சாம்பிராணி ஆகாது, காட்டமான வாசனை எதுவும் ஆகாது என்று நர்ஸே சொல்லியிருந்தாள். ஆனால் அக்காவிடம் போய் எப்படிச் சொல்வது? இன்றைக்கு அக்கா வருகிறாள். விருதுநகரில் பஸ் ஏறிவிட்டேன் என்று காலையில் போன் செய்துவிட்டாள்.

கறுத்த பாட்டிலைக் கையில் எடுத்தான். மூடியைத் திறக்கக்கூட இல்லை, வாசனை வந்துவிட்டது, அல்லது வந்ததாக மூக்கு நினைத்துக்கொண்டது. மற்றவர்களுக்கு ஃபினாயில் வாசனை என்றால் ஆஸ்பத்திரி, ஊசி, பிணவறை. அவனுக்கு அது பேச்சியக்கா. அம்மா செத்த வருஷமே அக்கா ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் தரை கழுவும் வேலைக்குப் போய்விட்டாள். அவளுக்கே அப்போது பாவாடை தாவணி வயசுதான். பள்ளிக்கூடம் விட்டு வந்து அந்த ஆஸ்பத்திரியின் பின்பக்கப் படிக்கட்டில் பையோடு காத்திருப்பான். அக்கா வாளியில் ஒரு மூடி ஊற்றியதும் தண்ணீர் பால் மாதிரி வெளுக்கும். சின்ன வயசில் அது நிஜமாகவே பால் என்று நினைத்திருந்தான், இத்தனை பாலைத் தரையில் கொட்டுகிறார்களே, நமக்கு ஒரு டம்ளர் தரக்கூடாதா என்று. சாயந்தரம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கும்போது சேலையிலிருந்து, தலைமுடியிலிருந்து, மூச்சிலிருந்துகூட அந்த வாசனைதான் வரும். அதற்குள்ளேயே தூங்கிப்போவான். இருட்டில் அந்த வாசனை இருந்தால் அக்கா பக்கத்தில் இருக்கிறாள் என்று அர்த்தம், எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். அதை விட்டுவிட்டு ஒரு தரையை எப்படிச் சுத்தம் என்று நம்புவது? ஆனால் வீட்டில் அக்கா ஸ்பூனால்தான் சாப்பிடுவாள். தெருவிலேயே சோற்றை ஸ்பூனால் சாப்பிட்ட ஆள் அவள் ஒருத்திதான். துரைசாணி வந்துட்டா என்று கேலி செய்வார்கள், அவனுக்கும் பெருமையாக இருக்கும், எங்க அக்கா ஸ்டைலு என்று. விரலிடுக்கில் தோல் வெடித்து, குழம்பு பட்டால் எரியும் என்பதால்தான் ஸ்பூன் என்று புரிந்தபோது அவனுக்கு மீசை முளைத்திருந்தது. பாட்டிலைக் கீழே வைத்தான். வைத்த இடத்தில் ஈர வட்டம் விழுந்தது. அந்த வட்டத்தையும் துடைக்கணும், எதால் துடைப்பது, மறுபடி அதே இடம்.

அடுத்தது பச்சை. இதன் பேர் வேரும் இலையும். பேரைப் பார்த்ததுமே சோலைராஜுக்குள் இருந்த தொழில்காரன் எழுந்து உட்கார்ந்துவிட்டான். சிம்மக்கல் பக்கம் ஒரு அச்சகத்தில் கம்ப்யூட்டரில் லேபிள் போடுவதுதான் அவன் வேலை. ஊறுகாய், ஊதுபத்தி, கூந்தல் தைலம், கொசு விரட்டி, எது வந்தாலும் கடைசியில் ஆர்டர் கொடுக்கிற பார்ட்டி ஒன்று சொல்வார்: "ஒரு இலை போட்ருங்க தம்பி." அவனிடம் ஒரே ஒரு இலைதான் இருக்கிறது. நரம்பு தெரிய, நுனியில் ஒரு பனித்துளியோடு. அது எந்த மரத்து இலை என்று இன்றுவரை அவனுக்குத் தெரியாது. அதையே சாய்த்து, கவிழ்த்து, இரண்டாக்கி, மூன்றாக்கி, எத்தனையோ சரக்குக்கு ஒட்டியிருக்கிறான், ஒருதரம் எலி மருந்துக்குக்கூட. பச்சைப் பாட்டிலில் இருந்ததும் கிட்டத்தட்ட அதே இலைதான், வேறு எவனோ ஒருத்தன் கம்ப்யூட்டரில் இருந்து. இலைக்குக் கீழே வரிகள். இயற்கைப் பொருள்களால் தயாரிக்கப்பட்டது. நீர்நிலைகளுக்குப் பாதுகாப்பானது. விலங்குகள் மேல் சோதிக்கப்படாதது. கைகளுக்கு மென்மையானது. நான்கு வரியும் நல்ல வரிதான். லோசனி எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறவள், அவள் இதை எல்லாம் படித்துப் பார்த்துத்தான் வாங்கியிருப்பாள். ஆனால் அவளே ஒருநாள் சொன்னாளே, இந்த மாதிரி சோப்புக்கெல்லாம் பாமாயில் வேணும், பாமாயிலுக்காக எங்கெங்கேயோ காட்டை அழிக்கிறாங்க, அங்க குரங்குகள் மரமில்லாம நிக்குதாம் என்று. அப்படியென்றால் இந்தப் பாட்டிலுக்குள் இருப்பது காப்பாற்றப்பட்ட காடா, அழிந்த காடா? பாட்டிலோ பிளாஸ்டிக். பச்சை பிளாஸ்டிக். பச்சையாக இருப்பதால் மண் அதை மன்னித்துவிடுமா என்ன. விலங்குகள் மேல் சோதிக்கவில்லை, சரி, அப்புறம் யார் மேல் சோதித்தார்கள், என் பிள்ளை மேலா? நினைப்பு அங்கே போனதும் சட்டென்று அதைக் கால்வாய்ப் பக்கம் திருப்பிவிட்டான். போன மழைக்கு முன்னால் தெருமுனைக் கால்வாயில் நுரை மிதந்ததைப் பார்த்திருக்கிறான், வெள்ளை வெளேரென்று, காற்றில் பிய்ந்து பிய்ந்து ஒரு சைக்கிள்காரர் சட்டையில் ஒட்டியது. அதில் யார் வீட்டு நுரை எது? என் வீட்டு வாளித் தண்ணீரும் அதில்தான், வைகைக்குத்தான், அங்கே முழங்கால் தண்ணீரில் நிற்கிற கொக்கின் காலுக்குத்தான். ஃபினாயிலை ஊற்றினால் கொக்குக்குப் பாவம், பச்சையை ஊற்றினால் குரங்குக்குப் பாவம், எதையும் ஊற்றாவிட்டால் பிள்ளைக்குக் கிருமி. கிருமி. தரையில் ஓடு ஓடாக அவை உட்கார்ந்திருப்பது தெரிந்தது, கடுகுபோல, கண்ணில்லாமல், காத்துக்கொண்டு. ச்சே என்று தலையை உதறினான். திரும்பக் கண் போய் அந்தக் கடைசி வரியில் சிக்கியது. கைகளுக்கு மென்மையானது. எந்தக் கைகளுக்கு? வாங்கித் துடைக்கிற என் கைக்கா? இதைக் காய்ச்சி, கலக்கி, பாட்டில் பாட்டிலாக ஊற்றி மூடுகிறவர்களுக்கும் கை என்று ஒன்று இருக்குமே, அந்தக் கைக்கும் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறார்களா? அவர்களில் எவளாவது இன்று மத்தியானம் ஸ்பூனால் சாப்பிடுகிறாளா?

லேபிளின் அடியில் ஒரு போன் நம்பர் இருந்தது. நம்பர்களைப் பற்றியும் அவனுக்குத் தெரியும். போட்டே ஆகணும் என்பதற்காகப் போடுகிற நம்பர், அடித்தால் அடித்துக்கொண்டே இருக்கும். எடுக்கமாட்டார்கள், எடுக்காவிட்டால் இது பொய் என்று ஆகிவிடும், பொய் என்றால் மனசைத் திடப்படுத்திக்கொண்டு வேறு வழி பார்க்கலாம் என்று நினைத்துத்தான் அடித்தான். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்கள்.

"வேரும் இலையும். சொல்லுங்க." ஒரு பெண் குரல். பின்னால் மிக்ஸி ஓடியது.

என்ன கேட்பதென்று அவன் யோசித்து வைத்திருக்கவில்லை. "இது... உங்க தரை துடைக்கிறது, நிஜமாவே இயற்கைங்களா?"

"இருங்க சார், மிக்ஸியை நிறுத்திக்கிறேன்." நிறுத்தினாள். "பூந்திக்காயும் எலுமிச்சைத் தோலும் நாங்களே ஊறவச்சு எடுக்குறது. நுரைக்கிற சரக்கு மட்டும் வெளியில வாங்குறோம். தேங்காயெண்ணெயில இருந்து எடுத்ததுன்னு சொல்லித்தான் தர்றாங்க. பாதி பாமாயிலாக்கூட இருக்கலாம். எந்த ஊர்ப் பாமாயில்னு கேட்டுப் பாத்துட்டேன், ஒழுங்கான பதில் வரல. அதனால அது எனக்குத் தெரியாது சார்."

தெரியாது. இந்தச் சொல்லை அவன் எதிர்பார்க்கவில்லை. படி தடுக்கினதுபோல் இருந்தது. "அப்ப லேபிள்ல முழுக்க இயற்கைன்னு போட்ருக்கீங்க?"

"முழுக்கன்னா போட்ருக்கு?"

பார்த்தான். போட்டிருக்கவில்லை. அந்தச் சொல்லை அவன் மனசுதான் சேர்த்திருந்தது, இத்தனை வருஷமாகச் சேர்த்துச் சேர்த்துப் பழகிய மனசு. "இல்ல. ஆனா இலை போட்ருக்கே."

"அது பிரிண்டிங்காரர் வேலை சார்," என்று அவள் சிரித்தாள். "நான் பூந்திக்காய்ப் படம்தான் கேட்டேன். அது பாக்க கோலிக்குண்டு மாதிரி இருக்கு, விக்காதுன்னுட்டார்."

அவனுக்கும் சிரிப்பு வந்தது. வந்ததோடு கேட்டும் விட்டான். "கைகளுக்கு மென்மையானதுன்னு இருக்குதுங்க. ஊத்தி அடைக்கிறவங்களுக்கு க்ளவுஸ் குடுக்குறீங்களா?"

"சார், நீங்க பத்திரிகையா?"

"இல்லைங்க. எங்க அக்கா ஆஸ்பத்திரி கழுவுறவங்க. அதான்."

"ஓ," என்றாள். "ஊத்துறதே நான்தான் சார். நான், எங்க நாத்தனார், பக்கத்து வீட்டக்கா, மூணே பேரு. க்ளவுஸ் இருக்கு. திண்டுக்கல் வெயிலுக்குப் புழுங்குதுன்னு கழட்டிருவோம், தோல்சாறு பட்டு எரிஞ்சா மறுபடி மாட்டிக்குவோம். கழட்டாம இருக்கணும், நீங்க கேட்டப்புறம் எனக்கே வெக்கமா இருக்கு." குரலில் நிஜமாகவே அது தெரிந்தது. "எந்த ரூமுக்கு சார் துடைக்கப் போறீங்க?"

சொன்னான். பிள்ளையைப் பற்றி, கண்ணாடிப் பெட்டியைப் பற்றி, இன்று மத்தியானம் என்பதைப் பற்றி. முன்பின் தெரியாத ஒருத்தியிடம் மத்தியானம் வந்துருவா என்று வாய்விட்டே சொல்லிவிட்டதைச் சொன்னபிறகுதான் உணர்ந்தான். ஒன்றும் ஆகவில்லை. வீட்டில் சுவர் சுவராகத்தான் இருந்தது.

"அப்ப எங்களுது வேணாம் சார்," என்றாள் அவள். "எலுமிச்சையா இருந்தாலும் வாசனை வாசனைதானே. அத்தனை சின்னப் பிள்ளைக்கு ஆகுமா ஆகாதான்னு எனக்குத் தெரியாது. தெரியாததைப் போய் ஊத்துங்கன்னு எப்படிச் சொல்றது? துணிசோப்பு இருக்கும்ல, கொஞ்சம் கரைச்சுத் துடைச்சுட்டு, நல்ல தண்ணியால அலசிவிட்டு ஜன்னலைத் திறந்து காயவிடுங்க. எங்களுதை பாத்ரூமுக்கு வச்சுக்கங்க. பேரு வச்சாச்சா?"

"இன்னும் இல்லைங்க."

"நல்லா இருப்பா. என் பேர் ஹசீனா. பாமாயில் விஷயம் தெரிஞ்சா இந்த நம்பருக்கே சொல்றேன்."

போனை வைத்தபிறகும் அவன் அதைக் கையிலேயே வைத்திருந்தான். ஏமாற்றத்தை எதிர்பார்த்துப் போனவனுக்கு அது கிடைக்காமல் போனால் வருகிற ஒரு தடுமாற்றம். சரி, இது நல்ல பாட்டிலா கெட்ட பாட்டிலா? தெரியவில்லை. முக்கால் நல்லது, கால் தெரியாது. காடு இன்னும் எங்கேயோ வெட்டப்படுகிறது, அந்தக் கால் பங்குக்குள் அதுவும் இருக்கலாம். ஆனால் கேட்டால் ஒரு ஆள் மிக்ஸியை நிறுத்திவிட்டுப் பதில் சொல்கிறாள். விற்கிறவளே வேண்டாம் என்கிறாள். லேபிளில் போட வரி இல்லாத விஷயம் அது. போட்டால்தான் என்னவென்று போடுவது, தெரியாததைத் தெரியாது என்போம் என்றா? எவன் வாங்குவான்? நான் வாங்குவேன் என்று தோன்றியபோது எழுந்துவிட்டான். கால் மரத்துப்போயிருந்தது. சோப்பைச் சீவிக் கரைத்தான். முழங்கால் போட்டு மூலையிலிருந்து ஆரம்பித்தான், ஓடு ஓடாக, கட்டில் கால் வைக்கிற இடம், தொட்டில் கட்டப்போகிற கொக்கிக்கு நேர் கீழே, கதவிடுக்கு. தண்ணீர் கறுத்தது. மாற்றினான். அப்புறம் கொஞ்சம்தான் கறுத்தது. முதுகு வியர்த்து சட்டை ஒட்டிக்கொண்டது, நன்றாக இருந்தது, இத்தனை நாளும் கண்ணாடிக்கு வெளியே சும்மா நின்று நின்று செத்துப்போயிருந்த கைகளுக்குக் கடைசியில் பிள்ளைக்காகச் செய்ய ஒரு வேலை. ஜன்னலைத் திறந்தான். வேப்பமரத்துக் காற்று உள்ளே வந்து ஈரத்தின் மேல் நடந்தது. தரை காய்ந்துகொண்டே வந்தது, எந்த வாசனையும் இல்லாமல். அந்த இல்லாமையில்தான் மறுபடி பயம் புகுந்தது. அக்கா வந்ததும் முதலில் மூக்கைத்தான் சுருக்குவாள். என்ன சொல்லலாம்? டாக்டர் சொல்லிட்டார்க்கா. இல்லை, டாக்டர் மேல் பழி எதற்கு. ஃபினாயில் தீர்ந்துபோச்சுக்கா. பொய், பாட்டில் இங்கேயே நிற்கிறது. இந்தக் காலத்துல அதெல்லாம் வேணாங்குறாங்கக்கா. அந்தக் காலம் பூராவும் அதை ஊற்றித்தானே உன்னைப் படிக்க வைத்தேன் என்று அவள் வாயால் கேட்கமாட்டாள், கண் கேட்கும். ஒவ்வொரு வாக்கியமும் தொடங்கும்போது நன்றாக இருந்து, முடியும் இடத்தில் அவளைக் குத்தியது.

யோசித்து முடிப்பதற்குள் அவளே வந்துவிட்டாள். மாடிப்படியில் மூச்சு வாங்குகிற சத்தம், செருப்பை வாசலிலேயே உதறுகிற சத்தம். ஐம்பதைத் தொடப்போகிறாள், இன்னும் அதே ஆஸ்பத்திரிதான். கையில் மஞ்சள் பை.

"என்னடா, இன்னும் கழுவலையா?" என்றாள் உள்ளே எட்டிப் பார்த்து. "வாசனையே காணோம்?"

"கழுவிட்டேன்க்கா. சோப்புத் தண்ணிதான்." தயார் செய்து வைத்த எதுவும் வரவில்லை. "பிள்ளைக்கு அந்த வாசனை ஆகாதாம்க்கா. இழுப்பு வந்துரும்னு பயப்படுறாங்க. லோசனியும் சொன்னா. உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம உக்காந்திருந்தேன்."

அக்கா பையைத் திறந்து ஒரு புதுப் பாட்டிலை எடுத்தாள், கறுத்தது, மூடியில் சுற்றிய தாள்கூடப் பிரியாதது. வாங்கிக்கொண்டே வந்திருக்கிறாள். அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "எனக்கே காலையில எழுந்ததும் இருமல் வருதுடா," என்றாள் சாதாரணமாக. "நாந்தான் பனின்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்." பாட்டிலை மறுபடி பைக்குள் போட்டு, பையைக் கதவுக்கு வெளியே ஆணியில் மாட்டினாள். வந்து தரையில் உள்ளங்கையைத் தேய்த்துப் பார்த்தாள். "நல்லாத்தான் துடைச்சிருக்க. அலமாரிக்கு அடியில?"

"துடைச்சாச்சு."

"பாப்போம்," என்று குனிந்தே பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள். அவனுக்கு நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கிப் போனது. இறங்கிய வேகத்தில் ஹசீனாவிடம் பேசியதை எல்லாம் சொன்னான், இலையை, பூந்திக்காயை, குரங்கை. அக்கா ம் கொட்டிக்கொண்டே கேட்டாள். க்ளவுஸ் இடம் வந்ததும் ம் நின்றது.

"அதைப் போய் போன் போட்டா கேட்ட?"

"கேட்டேன்."

"திட்டலையா அவங்க?"

"இல்லக்கா. பதில் சொன்னாங்க. வெக்கமா இருக்குன்னாங்க."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே வேப்பங்கிளையில் அணில் ஒன்று தலைகீழாக இறங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கிறாளா, பார்க்கவில்லையா என்று சொல்ல முடியவில்லை. இத்தனை வருஷத்தில் எத்தனையோ கேட்டிருக்கிறாள், அவனுக்குப் பள்ளிக்கூடச் சம்பளம் கட்ட முன்பணம், அவன் காய்ச்சலுக்கு லீவு, அவன் கல்யாணத்துக்கு லீவு. தனக்கென்று எதையாவது அந்த ஆஸ்பத்திரியில் கேட்டிருக்கிறாளா? ஞாபகத்தைத் துழாவினான். ஒன்றும் தட்டுப்படவில்லை.

"கேட்டா பதில் சொல்றாங்க," என்றாள் அவள், அவனிடமா தனக்குள்ளா என்று தெரியாதபடி. "நான் கேட்டதே இல்லடா. கேக்குற பொருள்னே தோணல. இப்ப புதுசா ரெண்டு பொண்ணுங்க வேலைக்குச் சேந்திருக்கு, சின்னதுங்க. ஒருத்தி போன வாரம் விரலைக் காட்டி, இது எப்பக்கா சரியாகும்னு கேட்டா. பழகிரும்டின்னேன்." தன் விரலிடுக்கைத் தேய்த்துக்கொண்டாள். "பழகிரும்னுட்டேன்."

கீழே ஆட்டோ வந்து நின்றது. லோசனியின் குரல், மெல்ல மெல்ல என்று யாரிடமோ. இருவரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். வந்துவிட்டாள், வந்தேவிட்டாள் என்று அவனுக்குள் ஒன்று ஓடிக்கொண்டே இருந்தது, கால் எங்கே வைக்கிறோம் என்று தெரியவில்லை. அக்கா முந்திக்கொண்டு படிக்கு வந்தாள். இரண்டு படி இறங்கியவள் திரும்பி அவனைப் பார்த்தாள்.

"ஏண்டா, நாளைக்கு டூட்டிக்குப் போனதும் மேனேஜரம்மாகிட்ட கேக்கப்போறேன். என்னன்னு கேக்கணும்? க்ளவுஸுன்னுதானே?"

"க்ளவுஸுன்னே கேளு."

"எங்க மூணு பேருக்கும் க்ளவுஸ் வேணும் மேடம்," என்று சொல்லிப் பார்த்தாள். அது கெஞ்சலாக இருந்தது. அவளுக்கே பிடிக்கவில்லை. இறங்கிக்கொண்டே மறுபடி சொன்னாள், மறுபடி, கைப்பிடிச் சுவரில் ஒரு கையை ஊன்றி, வளைவில் திரும்பி, கீழே ஆட்டோவின் இரைச்சல் நிற்கிறவரைக்கும் சொன்னாள். கடைசிப் படிக்கு வந்தபோது அதில் கெஞ்சல் இல்லை. தண்ணீர் கேட்பதுபோல இருந்தது.